நான் திருத்திச் சொன்ன வலி

கரமனை,
திருவனந்தபுரம்.
ஞாயிற்றுக்கிழமை.

முதல் தாள். பொன்செல்வி மட்டும் வாசிக்க.

அன்பு மருமகள் பொன்செல்விக்கு,

உன் அத்தை சுடலைமாடத்தி எழுதுவது. நீயும் உன் அம்மா மாடம்மாள் மதினியும் நலத்தோடு இருக்க வேண்டுகிறேன். இக்கடிதத்தைப் பிரஜின் கொண்டுவந்து தருவான். உன் மாமாவோடு கம்பி கட்டும் வேலை பார்த்தவன். ஓணத்துக்குக் கட்டட வேலைக்கு விடுமுறை என்பதால் ஒரு நாள் ஒதுக்கி வருகிறான். நல்ல பையன், கூச்சப்படுவான். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று சொல்.

நேற்று நீ தொலைபேசியில் தயங்கித் தயங்கிச் சொன்னதை நான் முழுவதும் விளங்கிக்கொண்டேன். உங்களோடு தங்கியிருக்கும் மாமா தோட்டத்துச் சாய்ப்புக் கொட்டகையில் நின்று, வாழைக்கு வைக்கும் மருந்து எங்கே இருக்கிறது என்று கேட்டார். எதற்கு மாமா என்று நீ கேட்டதற்கு, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லிப் போய்விட்டார். அதற்குமேல் நீ ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் வாழைத்தோட்டம் பக்கம் போய்ப் பத்து ஆண்டு இருக்கும், பொன்செல்வி. அந்த மருந்தால் அவருக்கு ஆகவேண்டிய வேலை எதுவுமில்லை.

இத்தாளை வாசித்து முடித்ததும் முதல் வேலையாக அந்த மருந்தை எடுத்து வேறு யார் வீட்டிலாவது வைத்துவிடு. அவரிடம் மிச்சமிருக்கும் மாத்திரைகளை எல்லாம் உன் பொறுப்பில் வைத்துக்கொண்டு, அந்தந்த வேளைக்கு உரியதை மட்டும் கொடு. அவரைத் தனியே விடாதே. காவல் இருக்கிறீர்கள் என்று அவருக்குத் தோன்றாதபடி நீயோ மதினியோ பக்கத்தில் ஏதேனும் வேலை பார்த்துக்கொண்டு இருங்கள்.

இன்னொன்றும் உண்டு. இங்கே வலி சிகிச்சைப் பிரிவில் ராஜஸ்ரீ என்று ஒரு டாக்டர் அம்மா இருக்கிறார். அவரைப் பற்றிப் பின்னால் எழுதியிருக்கிறேன். நேற்றே அவரை அழைத்து இதைச் சொன்னேன். நேரடியாகக் கேட்டுவிடும்படி சொன்னார். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாகிவிடுமோ என்று அஞ்சினேன். அப்படி ஆகாது, இருக்கிற எண்ணம் வெளியே வர வழி கிடைக்கும் என்றார். ஆகவே நீ அவரிடம், “மாமா, செத்துப் போயிரலாம்னு தோணுதா?” என்று கேள். அழகான சொல் எதையும் தேடாதே. ஆமாம் என்றால் எந்தத் தேதிக்காகவும் காத்திராமல் அன்றே வள்ளியூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போ, எனக்கும் சொல்.

அடுத்த தாள்கள் அவருக்கு உரியவை. அவருக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்பது நீ அறிந்ததே. அங்கன்வாடியில் பிள்ளைகளுக்கு வாசிப்பதுபோல நிதானமாக வாசி. எந்த வரியையும் விட்டுவிடாதே. என்னைத் தாழ்த்தும் இடங்களில் குரலைத் தாழ்த்தாதே. மதினி கேட்கட்டும். பக்கத்து வீட்டார் இருந்தால் அவர்களும் கேட்கட்டும். நான் ஏன் நேரில் வரவில்லை என்பது உனக்குத் தெரியும். நான் அந்த வாசலை மிதித்தால் அங்கிருந்தும் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறார். போவதற்கு அவருக்கு வேறு வீடு இல்லை.

இத்தாளை மடித்து உன் பெட்டியில் வைத்துவிடு.

உன் அத்தை,
சுடலைமாடத்தி.


இரண்டாம் தாள் முதல்.

என் மரியாதைக்குரிய கணவர் வன்னியராஜ் அவர்களுக்கு,

தங்கள் மனைவி சுடலைமாடத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்கள் நலமா என்று கேட்டு இக்கடிதத்தைத் தொடங்கும் தகுதி எனக்கு இல்லை. நலமில்லை என்று ஏழு மாதமாகத் தாங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். காதில் வாங்காதவள் நான்.

தாங்கள் புறப்பட்டுப் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது. அன்று காலை நான் அலுவலகம் கூட்டித் துடைக்கப் போயிருந்த நேரத்தில், கம்பி வளைக்கும் சாவியையும் கொக்கியையும் பிரஜினிடம் கொடுத்துவிட்டுத் தம்பானூரில் பஸ் ஏறியதாக அவன்தான் வந்து சொன்னான். உட்கார முடியாமல் நாகர்கோவில் வரை நின்றுகொண்டே போவதாகத் தாங்கள் சொன்னதையும் சொன்னான். சாவியை அவன் இன்னும் எடுத்துப் புழங்கவில்லை. துணியில் சுற்றி நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்துவிட்டான். அண்ணன் கேட்டால் தருவதற்கு என்றான்.

வீட்டில் வேறு மாற்றம் ஒன்றுமில்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஆற்றில் நீர் ஏறி இறங்கிவிட்டது. தாங்கள் படுக்கும் பலகைக் கட்டிலில் நான் படுப்பதில்லை. பக்கத்து அறை அம்மிணி சேச்சி தினமும் தங்களைக் கேட்கிறார். சேட்டன் எப்போது வருவார் என்று கேட்பதற்கு, இப்போதெல்லாம் நான் நீண்ட பதில் சொல்வதில்லை.

எழுத வந்த செய்திக்கு வருகிறேன்.

கிழக்கேகோட்டையில் பரோட்டா போடும் லிங்கராஜைத் தங்களுக்குத் தெரியும். அம்பாசமுத்திரத்துக்காரர். அவருக்கு நெஞ்சில் அக்கி வந்து ஆறிய பிறகும் வலி போகவில்லை. வலி சிகிச்சைப் பிரிவுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். நம் ஆட்கள் யார் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் மலையாளத்தில் எடுத்துச் சொல்ல என்னைத்தானே அழைப்பார்கள். தாங்கள் போன துக்கத்திலும் நான் போனேன். என் வழக்கப்படி முந்தின நாளே அவரை உட்காரவைத்து நோயின் விவரங்களைக் கேட்டு, ஒரு முழுத்தாளில் ஒழுங்குபடுத்தி, நல்ல மலையாளச் சொற்களாகத் தேர்ந்து எழுதி வைத்துக்கொண்டேன்.

அங்கே டாக்டர் ராஜஸ்ரீ முன்னால் அந்தத் தாளை வாசிக்கத் தொடங்கினேன். நெஞ்சுப் பகுதியில் தொடர்ச்சியான கடும் வேதனை என்ற முதல் வரியிலேயே அவர் கையை உயர்த்தினார். கோபம் இல்லை. பாறசாலைப் பக்கத்துக்காரராம், தமிழ் நன்றாக விளங்கும். “சேச்சி, நீங்க இப்ப பேச வேண்டா. வலிக்கிற ஆளு பேசட்டே” என்றார்.

எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. இத்தனை ஆண்டில் எந்த டாக்டரும் என்னை நிறுத்தியதில்லை. லிங்கராஜ் என்னையும் அவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, ஓட்டலில் பேசுகிற பேச்சிலேயே பேசினார். சட்டை பட்டாலே தோல் தீயுது என்றார். பரோட்டாக் கல்லில் நெஞ்சை வைத்து அழுத்தினதுபோல் இருக்குது என்றார். தொட்டால் மரத்துக் கிடக்கிறது, தொடாதபோது எரிகிறது, இது என்ன எழவு நோவு என்று என் முன்னாலேயே சொன்னார். டாக்டர் அம்மா ஒரு சொல்லையும் விடாமல் எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை வைத்துவிட்டு, இது நரம்பின் பேச்சு, இனி மருந்து கொடுக்கலாம் என்றார்.

தொட்டால் மரத்தும் தொடாதபோது எரிந்தும் கிடப்பது. இதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். நம் வீட்டில், தங்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். தாங்கள் கேட்ட கேள்வி எனக்கு அட்சரம் பிசகாமல் நினைவிருக்கிறது. “காலு மரத்தும் போச்சு, எரியவும் செய்யுது. ரெண்டும் எப்பிடிட்டி ஒண்ணா இருக்கும்?” அதற்கு நான், டாக்டரிடம் போய் இப்படி முன்னுக்குப் பின் முரணாகப் பேசாதீர்கள், பொய் சொல்வதாக நினைப்பார்கள் என்று பதில் சொன்னேன்.

லிங்கராஜை மருந்து வாங்க அனுப்பிவிட்டு நான் மீண்டும் உள்ளே போனேன். என் கணவருக்கு இடுப்பில் அறுவை நடந்து ஏழு மாதமாகியும் கடும் வேதனை நீங்கவில்லை என்றேன். அவர் ஏறிட்டுப் பார்த்து, “அவரு எப்படிச் சொல்லுவாரு?” என்று மட்டும் கேட்டார்.

அகராதியே மனப்பாடம் என்று பெயர் வாங்கியவள், அகராதியில் இல்லாத தங்கள் சொற்களைத் தேடினேன். பிறகு சொன்னேன். தாங்கள் ஏழு மாதத்தில் சொன்னவற்றையும், நான் டாக்டர்களிடம் சொல்லாமல் விட்டவற்றையும், ஒவ்வொன்றாகச் சொன்னேன். அவற்றை இங்கேயும் எழுதுகிறேன். தங்கள் சொல் தங்களிடமே திரும்பி வருவது முறை. பொன்செல்வி, இதை மாற்றாமல் வாசி.

“வெயில்ல காஞ்ச கம்பிய எலும்புக்குள்ள சொருகி வச்சிருக்கானுவ.” இது அறுவை நடந்த மூன்றாம் வாரம். நான் டாக்டரிடம் சொன்னது: இடுப்பில் வேதனை உண்டு.

“குண்டிக்குழியில ஆரம்பிச்சு பெருவெரலு வரைக்கும் வெல்டிங் பொறி தெறிக்கிது.” இதை நான் சொல்லவே இல்லை. அந்த உறுப்பின் பெயரைப் படித்தவர்கள் முன்னால் உச்சரிக்க எனக்கு நாணமாக இருந்தது. வேதனை காலுக்கு இறங்குகிறது என்பதையே விழுங்கிவிட்டேன்.

“சாரத்துத் துணி மேல பட்டாலே காலு பத்தி எரியுது. அவுத்துப் போட்டுட்டு இருக்கணும் போல இருக்கு.” இதையும் சொல்லவில்லை. நாற்பது கிலோக் கம்பியைத் தோளில் சுமந்து நான்காம் மாடி ஏறிய என் கணவர், ஒரு மெல்லிய கைலி பட்டு வலிக்கிறது என்று சொல்வதை நான் எப்படி வெளியே சொல்வேன்? தங்களுக்குக் கேவலம் வந்துவிடக் கூடாது என்று நினைத்தேன். எனக்குக் கேவலம் என்று நினைத்ததுதான் உண்மை.

“தூங்கப்போனா எறும்புக் கூட்டத்துக்குள்ள கால விட்ட மாதிரி இருக்கு.” நான் சொன்னது: உறக்கம் குறைவு.

டாக்டர் ராஜஸ்ரீ இவற்றையும் எழுதிக்கொண்டார். எழுதி முடித்துவிட்டு, இந்த நான்கு வரியில் எந்த ஒன்றை முதல் மாதமே யாராவது சொல்லியிருந்தாலும் போதுமாக இருந்திருக்கும் என்றார். என்னைக் குறைசொல்வதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு அது உள்ளேயே கிடக்கிறது.

ஏழு மாதத்தில் நடந்தவற்றை நினைத்துப் பாருங்கள். இடுப்பு வேதனை என்று நான் சொன்னேன், அவர்கள் இடுப்பு வேதனைக்கு மாத்திரை கொடுத்தார்கள். குறையவில்லை என்றேன், அளவைக் கூட்டினார்கள். பங்குனியில் தங்களுக்குக் கறுப்பாக வெளிக்குப் போய் மயங்கி விழுந்தது அந்த மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கியதால்தான். பிறகு வேறு மாத்திரை, அதற்கு ஓயாத வாந்தி. மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். அறுவை சுத்தமாக இருக்கிறது, ஒன்றுமில்லை, நடக்கச் சொல்லுங்கள் என்றார்கள். ஒவ்வொரு முறையும் தாங்கள் நாற்காலி நுனியில் ஒருபக்கமாகச் சாய்ந்து, சுவரில் உள்ள படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். ஏதாவது சொல்ல வாயெடுத்தால் நான் தங்கள் கையை அழுத்துவேன். ஒரு சின்ன டாக்டர் என் மலையாளத்தைப் புகழ்ந்து, எவ்வளவு தெளிவாகப் பேசுகிறீர்கள் என்றபோது நான் மகிழ்ந்து போனேன். வெளியே வந்து தங்களிடம் அதைச் சொல்லியும் காட்டினேன். தாங்கள், “கலெக்டரம்மாவுக்குப் பாஸ் மார்க்கு, எனக்கு அதே காலு” என்றீர்கள். நானும் சிரித்தேன்.

தாங்கள் எனக்கு வைத்த அந்தக் கலெக்டர் பட்டம் எனக்கு உள்ளூரப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பாளையத்தில் பழைய புத்தகக் கட்டிலிருந்து வாங்கிய அட்டையில்லாத அகராதியை வைத்துத் தமிழையும், பஸ் பலகைகளைப் பார்த்து மலையாளத்தையும் நானாகக் கற்றேன். யாரிடமும் கைகட்டி நின்று கற்கவில்லை. அந்தக் கர்வம் எனக்கு உண்டு. சரியான சொல்லைச் சொன்னால் சரியானது நடக்கும் என்று நம்பினேன். தங்கள் பேச்சு எனக்குத் திருத்தப்பட வேண்டிய பேச்சாகவே பட்டுவந்தது. அதைத் திருத்தித் திருத்தி, உள்ளே இருந்த நோவை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு வெறும் சொல்லை டாக்டர் மேசையில் வைத்திருக்கிறேன்.

இதைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. அதை எழுதாமல் விட்டால் மற்றவை எழுதியும் பயனில்லை.

தாங்கள் புறப்பட்டுப் போவதற்கு முந்தின நாள் காண்டிராக்டர் ஷிபு வீட்டுக்கு வந்தார். தங்களைக் கோஷ்டியில் வைத்திருப்பதா, வேறு ஆள் பார்ப்பதா என்று கேட்கத்தான் வந்தார். தாங்கள் உள்ளே பலகைக் கட்டிலில் கிடந்தீர்கள். நான் வாசலில் நின்றுகொண்டு அவரிடம், டாக்டர்கள் எல்லாரும் பரிசோதித்துவிட்டார்கள், உடம்பில் கோளாறு இல்லை, அவருடைய வேதனை மனதில்தான் என்று சொன்னேன். வேலை போய்விடக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று இத்தனை நாளும் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். அப்போது நான் அதை நம்பினேன். ஸ்கேன் படத்தை நம்பினேன், எழுத்தில் இருந்ததை நம்பினேன். முப்பது ஆண்டு என்னோடு படுத்தெழுந்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து கக்கூசுக்குப் போவதைக் கண்ணால் கண்டும் நம்பவில்லை.

தாங்கள் அதைக் கேட்டுவிட்டீர்கள். இருபது ஆண்டு இந்த ஊரில் கம்பி கட்டியவருக்கு மலையாளம் விளங்காது என்றா நினைத்தேன்? ஷிபு போன பிறகு தாங்கள் என்னைத் திட்டவில்லை. “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றீர்கள். அதற்குப் பிறகு மறுநாள் காலை வரை வலி என்ற சொல்லே தங்கள் வாயிலிருந்து வரவில்லை. குணமாகி வருகிறது போலும் என்று நினைத்து அலுவலகத்துக்குப் போனவள் நான்.

ஷிபுவிடம் போன வாரம் நேரில் போய், நான் சொன்னது தவறு, என் கணவரின் நரம்பில் நோவு இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர், வெயிலில் நிற்காதீர்கள் என்றார். பிரஜினிடமும் அம்மிணி சேச்சியிடமும் சொல்லிவிட்டேன். இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் மாடம்மாள் மதினிக்கும் சொல்கிறேன். மதினி, உங்கள் தம்பி நடிக்கவில்லை. அவர் சோம்பேறி ஆகிவிடவும் இல்லை. அவருக்கு மனக்கோளாறு என்று நான் உங்களிடம் தொலைபேசியில் சொன்னதை இந்த வரியோடு திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

பொன்செல்வி, அவருக்குக் கொஞ்சம் தண்ணீர் கொடுத்துவிட்டு மேலே வாசி.

இனி மருந்து பற்றி. டாக்டர் சொன்னதை எனக்கு விளங்கிய அளவில் எழுதுகிறேன்.

பிதுங்கி நரம்பை நசுக்கிய டிஸ்கை எடுத்தாகிவிட்டது, அதனால்தான் ஸ்கேன் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நெடுநாள் நசுங்கிக் கிடந்த நரம்பு, நசுக்கியது போன பிறகும் அலறிக்கொண்டே இருக்கக்கூடும். ஸ்கேனில் நரம்பு தெரியும், அதன் அலறல் தெரியாது. வழக்கமான வலி மாத்திரைகள் அந்த அலறலை அடக்கப் போதா. அதற்கென்று துணை மருந்துகள் உண்டு. முதலில் வேறு நோய்களுக்காக வந்த மருந்துகள் அவை. கபாபென்டின் என்ற ஒன்று வலிப்பு நோய்க்குக் கொடுப்பது. அமிட்ரிப்டிலின் என்ற இன்னொன்று மனச்சோர்வுக்குக் கொடுப்பது. நரம்பு நோவுக்கும் அவை உதவும் என்று கண்டு கொடுக்கிறார்களாம்.

இதை முன்கூட்டியே எழுதக் காரணம் உண்டு. மருந்துக் கடையிலோ தெரிந்தவர்களோ யாராவது அட்டையைப் பார்த்துவிட்டு, இது வலிப்புக்காரனுக்குக் கொடுப்பது, இது மனநோய்க்குக் கொடுப்பது என்று சொல்வார்கள். அப்போது, இவளும் இந்த டாக்டரும் சேர்ந்து நம்மைப் பைத்தியம் என்று முடிவுகட்டிவிட்டார்கள் என்று தாங்கள் நினைக்க இடமுண்டு. நான் வாசலில் நின்று சொன்ன சொல் அப்படி. தங்கள் நோவு தங்கள் காலில் இருக்கிறது. மருந்தும் அதற்காகவே.

முதலில் இரத்தமும் இதயத் துடிப்பும் பரிசோதிப்பார்கள். பிறகு சிறிய அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். தூக்கம் வரும், தலை சுற்றும், வாய் வறளும். எழும்போது சுவரைப் பிடித்து எழ வேண்டும். அதோடு மது கூடவே கூடாது. பலன் தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகலாம். கொஞ்சம் குறைந்தவுடன் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. மனம் மேலும் இருண்டால் உடனே சொல்ல வேண்டும்.

முழுவதும் போய்விடுமா என்று கேட்டேன். டாக்டர் ராஜஸ்ரீ பொய் சொல்லவில்லை. போகும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். பாதி குறைந்தாலே பலருக்குத் தூங்க முடிகிறது, தூங்க முடிந்தால் மீதியைத் தாங்க முடிகிறது, சிலருக்கு அதுவும் கிடைப்பதில்லை, அப்போது வேறு வழி பார்க்கலாம் என்றார். கம்பி வேலைக்குத் திரும்புவது நடக்காது என்றும் சொன்னார். இதை மறைத்து எழுதத் தோன்றியது. மறைக்கவில்லை.

ஓண விடுமுறை முடிந்து, அடுத்த வாரம் வியாழக்கிழமை தங்களுக்கு நேரம் கொடுத்திருக்கிறார். அதற்கு முன்பே வர மனமிருந்தால் விடுமுறை பாராமல் அழைக்கச் சொல்லித் தம் எண்ணையும் கொடுத்தார். புதன்கிழமை பிரஜின் மீண்டும் வந்து வள்ளியூரிலிருந்து ரயிலில் அழைத்து வருவான். பஸ் வேண்டாம். ரயிலில் படுத்தபடி வரலாம். இரு கால்களுக்கும் நடுவே வைத்துக்கொள்ளத் தலையணை கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

என் முகத்தில் விழிக்கத் தங்களுக்கு விருப்பமில்லை என்றால் அதுவும் நியாயமே. தாங்கள் வரும் நாள் நான் அம்மிணி சேச்சியின் அறைக்குப் போய்விடுகிறேன். வீட்டுச் சாவி பிரஜினிடம் இருக்கும். சோறு ஆக்கி வைத்திருப்பேன். டாக்டர் அறைக்கும் நான் வர மாட்டேன். வெளியே பெஞ்சில் இருப்பேன், அல்லது அங்கேயும் வேண்டாமென்றால் கேட்டுக்கு வெளியே நிற்பேன். தங்களுக்காக இனி ஒரு சொல்லும் நான் பேச மாட்டேன். அந்த அம்மாவுக்குத் தங்கள் பேச்சு விளங்கும். குண்டிக்குழி என்றே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. டாக்டர் தங்கள் வலியை ஒவ்வொரு நாளும் ஒரு வரியாக எழுதிவைக்கச் சொன்னார். எப்போது கூடுகிறது, எப்படி இருக்கிறது என்று தெரிந்தால் மருந்தின் அளவை முடிவு செய்ய உதவுமாம். தாங்கள் சொல்லச் சொல்லப் பொன்செல்வி எழுதுவாள். அவள் ஒரு எழுத்தையும் திருத்தக் கூடாது. எழுதியதைப் படமெடுத்து எனக்கு அனுப்புவாள், நான் டாக்டரிடம் சேர்ப்பேன்.

வியாழக்கிழமை வரை பத்து நாள். பத்து வரி வேண்டும். கெட்ட வார்த்தையாக இருந்தாலும் வேண்டும். என்னைத் திட்டுவதாக இருந்தாலும், அப்படியே எழுதி அனுப்பட்டும். இன்றைக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்றால், ஒன்றுமில்லை என்று சொல்லுங்கள், அதையும் எழுதி அனுப்பட்டும். நாளைக்கு ஒரு வரி வர வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு வரி வர வேண்டும். விடிந்ததும் முதல் வேலையாக அதைச் சொல்லிவிடுங்கள், மத்தியானம் வரை என்னைக் காக்க வைக்காதீர்கள்.

ஏழு மாதம் கேட்காதவள் கேட்கிறேன். எப்படி வலிக்கிறது என்று ஒவ்வொரு நாளும் எனக்குச் சொல்லுங்கள். ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.

தங்கள் மனைவி,
சுடலைமாடத்தி.